பேச்சிப்பாறைப் பெட்டிகள்

போன மே மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு தீர்மானம் கிட்டத்தட்ட ஆகிவிட்டது. இனி பேச்சிப்பாறை மலையில் இருக்கிற ரப்பர் எஸ்டேட்டுக்குத் தேன்பெட்டி கொண்டுபோக வேண்டாம். சித்தப்பா சொன்னார், அப்பா மறுத்துப் பேசவில்லை. டெம்போ வாடகை கூடுதல், மலைப்பாதையில் ராத்திரி பெட்டி ஏற்றி இறக்குவது பெரும்பாடு, அவ்வளவு பாடுபட்டும் கிடைக்கிற தேன் குலசேகரத்தில் கிடைக்கிற அளவுதான். பிறகு எதற்கு அங்கே போகணும்?

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். குலசேகரத்தில் பெட்டிக்குச் சராசரி 8.9 கிலோ. பேச்சிப்பாறையில் 8.8. வீட்டுத் தென்னந்தோப்பில் 4.5. மூன்று எண்கள், ஒரு துண்டுத் தாள். அதை அப்பா சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அதே எண்களைப் படமாக வரைந்து பார்த்தேன். அதற்கப்புறம் அந்தத் துண்டுத் தாளை அப்பாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். தாத்தா காலத்திலிருந்தே வீட்டில் தேனீ உண்டு. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்கத் தேனீப் புழுக்களைக் கொன்ற வைரஸ் நோய் வந்ததே, அதில் தாத்தாவின் கூடுகள் எல்லாம் காலியாகி, பெட்டிகள் சும்மா விறகுபோலக் கிடந்ததை அப்பா இன்றும் சொல்வார். காட்டிலிருந்து பிடித்த இரண்டு கூட்டத்தில் மறுபடி தொடங்கி, போன சீசனில் 33 பெட்டி. எல்லாம் நம் நாட்டு அடுக்குத் தேனீ, நியூட்டன் என்ற வகை மரப்பெட்டி. குலசேகரம், பேச்சிப்பாறை என்று இரண்டு ரப்பர் இடம், வீட்டுத் தென்னந்தோப்பு, ஆக மூன்று இடத்தில் இடத்துக்குப் பதினொன்று.

குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். வெளியூர்க்காரர்கள் ரப்பர் பூவில் தேன் எடுக்கும் என்று நினைக்கிறார்கள். பூவில் இல்லை, இலையில். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். தளிர் முதலில் செம்பு நிறம், பிறகு இளம்பச்சை. அந்த இளம்பச்சைப் பருவத்தில் ஒரு இலையைப் பறித்துப் பாருங்கள். மூன்று இலைத்துண்டுகளும் காம்பில் சேர்கிற முடிச்சில் குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின்மேல் ஈரமாக மினுங்குவதுதான் தேன்நீர். நாக்கில் வைத்தால் இனிக்கும். தேனீ அங்கேதான் வந்து உட்காரும். அந்தச் சில வாரங்களில் மழையோ மூடுபனியோ பிடித்துக்கொண்டால் அந்த வருஷத் தேன் போச்சு.

பொதுவாகத் தேன் எடுக்கும்போது எல்லாப் பெட்டித் தேனையும் ஒரே டிரம்மில் ஊற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நான் பிடிவாதமாக ஒன்றை மாற்றினேன். ஒரு பெட்டியின் அடைகளைத் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்றி முடித்ததும் அந்தத் தேனை வாளியில் பிடித்து, தராசில் தூக்கிப் பார்த்து, பெட்டி எண்ணுக்கு நேரே எழுதணும். அதன் பிறகுதான் டிரம். "இதெல்லாம் வேலைக்கு இடைஞ்சல்" என்று முதலில் முனகினாலும் அப்பா எழுதினார். அரைக் கிலோவுக்குக் கீழே அவர் கணக்கெடுப்பதில்லை. அதனால் நோட்டில் எல்லாம் முழு எண் அல்லது அரையில் முடியும் எண். தேன் பட்டு ஒட்டிப்போன பக்கங்களை ஆவி காட்டிப் பிரித்துத்தான் நான் சீசன் முடிவில் கூட்டினேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோடை விடுமுறையில் பழைய கிராஃப் தாள் கொஞ்சம் கையில் இருந்தது. கல்லூரியில் பரீட்சைக்காக வரைந்த பாக்ஸ் பிளாட் ஞாபகம் வந்தது, எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று ஒரு கட்டமாகக் காட்டும் படம். அப்போது அதை ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன், எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1970களில் இதைப் பரப்பினார். அதற்கு முன்பே 1952இல் மேரி எலினர் ஸ்பியர் ஏறக்குறைய இதே வடிவில் ஒரு படத்தை வரைந்து காட்டியிருந்தார். கம்ப்யூட்டரே வேண்டாம், பென்சில் போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

குலசேகரத்துப் பதினொரு பெட்டியையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன்: 6.5, 7, 8, 8.5, 8.5, 9, 9.5, 9.5, 10, 10.5, 11. நடுவில் நிற்பது ஆறாவது எண், 9. அதுதான் இடைநிலை அளவு. அதற்குக் கீழே ஐந்து எண்கள், அவற்றின் நடு 8. மேலே ஐந்து, அவற்றின் நடு 10. இந்த 8, 10 இரண்டும் கால்மானங்கள். 8இலிருந்து 10 வரை ஒரு பெட்டி வரைந்து, உள்ளே 9இல் ஒரு கோடு போட்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டிகளில் ஏறக்குறைய பாதி அந்தக் கட்டத்துக்குள் நிற்கிறது. அப்புறம் இரண்டு பக்கமும் மீசை என்று ஒரு கோடு. அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு டூக்கி ஒரு வரம்பு வைத்தார்: பெட்டி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. இங்கே பெட்டி நீளம் 2, ஒன்றரை மடங்கு 3. ஆக 5க்குக் கீழோ 13க்கு மேலோ போகிற எண்ணைத் தனிப் புள்ளியாக வைக்கணும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. மீசை 6.5இலும் 11இலும் போய் நின்றது. மீசை வரம்பு வரைக்கும் நீளாது. வரம்புக்குள் இருக்கிற கடைசி உண்மையான எண்ணில் நின்றுவிடும். இதை என் மாணவர்கள் எப்போதும் தப்பாகத்தான் வரைகிறார்கள்.

பேச்சிப்பாறை: 3.5, 4, 4.5, 5, 5.5, 8.5, 12, 12.5, 13, 13.5, 15. நடு 8.5. கால்மானங்கள் 4.5, 13. அதே தாளில், அதே அளவுகோலில், குலசேகரத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வரைந்தேன். பக்கத்தில், ஒரே அளவுகோலில் என்பதுதான் இதில் முக்கியம். தனித்தனித் தாளில் வரைந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சேர்த்து வரைந்தபோது, குலசேகரம் தீப்பெட்டி மாதிரி குட்டையாக நின்றது. அதன் பக்கத்தில் பேச்சிப்பாறை பீரோ மாதிரி உயர்ந்து நின்றது. சராசரி 8.9, 8.8 என்று ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு இடங்கள்!

தாளை அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் புகைப்பானில் அடைக்கத் தேங்காய் நார் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பேச்சிப்பாறைப் பெட்டியின் அடிக்கோட்டில் விரல் வைத்தார்.

"இந்தக் கோடு எவ்வளவு மக்களே?"

"நாலரை. இதுக்குக் கீழ கால்வாசிப் பெட்டி."

"குலசேகரத்துல?"

"அங்க ஆக மோசமான பெட்டியே ஆறரை."

அவர் ஒன்றும் பேசவில்லை. சராசரியில் சமமாக இருந்த இரண்டு இடமும் அவர் கண்ணுக்கு இப்போதுதான் பிரிந்தன. தேனீ வளர்க்கிறவனுக்கு மேல்கோட்டைவிட அடிக்கோடுதான் பெரிது. நல்ல பெட்டி தானாக நன்றாக இருக்கும். மோசமான கால்வாசி என்ன செய்தது என்பதுதான் அடுத்த வருஷம் எத்தனை கூடு மிஞ்சும் என்று சொல்லும். சரி, இந்தப் படமும் பேச்சிப்பாறை வேண்டாம் என்றுதான் சொல்கிறது என்று நான் முடிவுகட்டப் போனேன்.

"இந்தப் பதினஞ்சு கிலோ எது?" என்று அப்பா கேட்டார்.

படத்தில் அது தெரியாது. பாக்ஸ் பிளாட் ஐந்து எண்களை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும். எந்தப் பெட்டி எது என்பதும் மறந்துவிடும். அதனால் நோட்டை எடுத்து, பேச்சிப்பாறைப் பெட்டியின்மேல் பதினொரு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக வைத்து, பக்கத்தில் பெட்டி எண்ணை எழுதினேன். எழுத எழுத எனக்கு வேறொன்று புலப்பட்டது. புள்ளிகள் பெட்டி முழுக்கப் பரவவில்லை. கீழே ஐந்து, 3.5க்கும் 5.5க்கும் நடுவில் கொத்தாக. மேலே ஐந்து, 12க்கும் 15க்கும் நடுவில் கொத்தாக. இடையில் 8.5இல் தன்னந்தனியாக ஒன்று. அந்த ஒன்றுதான் இடைநிலை அளவு! பேச்சிப்பாறையின் 'வழக்கமான' பெட்டி என்று என் படம் காட்டிய இடத்தில் உண்மையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. பாக்ஸ் பிளாட்டின் பெரிய குறை இதுதான். ஒரு கூட்டம் நடுவில் திரண்டு நின்றாலும், இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓரங்களில் நின்றாலும், கட்டம் ஒரே மாதிரி விழலாம்.

அப்பா கீழ்க்கொத்தின் எண்களை வாய்விட்டுப் படித்தார். 29, 30, 31, 32, 33. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் டிசம்பர்ல பிரிச்ச கூடாக்கும்."

போன வருஷம் புதிதாக அயினிப் பலகையில் செய்த பெட்டிகள் அவை. பழைய கூட்டத்தைப் பிரித்து, நாலைந்து அடைகளோடு குடிவைத்து, அப்படியே மலைக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த எஸ்டேட்டில் இடம் கொடுத்தவர் தெரிந்தவர், ஒரு கண் வைத்துக்கொள்வார் என்பதால். தளிர் விட்டபோது அந்தக் கூடுகளில் தேன் கொண்டுவர ஆள் இல்லை. இருந்த தேனீக்கள் புழுவைக் கவனிக்கவும் அடை கட்டவுமே சரியாக இருந்தது. நடுவில் நின்ற 8.5? அது பழைய கூடு. பிப்ரவரியில் பாதிக் கூட்டம் ராணியோடு பறந்து போய்விட்டது. அதுவும் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. குலசேகரத்தில் இருந்தவை பதினொன்றும் பழைய கூடு.

ஆக நான் இடத்தையும் இடத்தையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, பாதி நேரம் பழைய கூட்டையும் புதுக் கூட்டையும் ஒப்பிட்டிருக்கிறேன். பழையதை மட்டும் பழையதோடு வைத்துப் பார்த்தால் பேச்சிப்பாறையில் 12, 12.5, 13, 13.5, 15, கூட்டம் பிரிந்துபோன 8.5. குலசேகரத்தின் ஆகச் சிறந்த பெட்டி 11. பேச்சிப்பாறையில் பிரியாத பழைய கூடு ஒவ்வொன்றும் அதைத் தாண்டிவிட்டது. இந்த ஆறுக்கும் நான் பெட்டி வரையவில்லை. ஆறு எண்ணுக்குக் கால்மானம் கண்டுபிடித்துக் கட்டம் கட்டுவது, நாலு பேர் நிற்கிற இடத்தில் கூட்டம் என்று சொல்வது மாதிரி. புள்ளியாகவே வைத்தேன். எண்ணிக்கை குறைந்தால் புள்ளி போதும். பெட்டி வரைந்தால் அதன் அடியில் எத்தனை எண் என்று எழுதணும். பெட்டிக்குப் பெட்டி எண்ணிக்கை மாறினால் அகலத்தையும் அதற்கேற்ப மாற்றி வரைகிற முறையை டூக்கியும் இன்னும் இருவரும் 1978இலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் கையில் வரைகிறபோது அடியில் எண்ணை எழுதுவதே எளிது.

தென்னந்தோப்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது வேறு மாதிரி. அங்கே 2.5, 3, 3, 3.5, 3.5, 4, 4, 4.5, 4.5, 5, பிறகு ஒரேயடியாக 11.5. கால்மானங்கள் 3, 4.5. பெட்டி நீளம் 1.5, மேல்வரம்பு 6.75. மீசை 5இல் நின்றுவிட, 11.5 மட்டும் தலைக்குமேல் தனிப் புள்ளியாகத் தொங்கியது. இப்படித் தொங்கும் புள்ளியைப் பார்த்ததும் 'பிழை' என்று அழித்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரம்பைத் தாண்டினால் பிழை என்று அர்த்தம் இல்லை. மணி வடிவத்தில் விழுகிற இயல்நிலைப் பரவலிலேயே ஆயிரத்துக்கு ஏழு எண் அந்த வரம்பைத் தாண்டும். போய் விசாரி என்றுதான் அந்தப் புள்ளி சொல்கிறது. விசாரித்தேன். பெட்டி 27. பிப்ரவரி கடைசி வரை குலசேகரத்தில்தான் இருந்தது. அந்த ஓரத்து ரப்பர் மரங்களை மறுநடவுக்காக வெட்டப் போகிறார்கள் என்று அப்பா அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ரப்பர் தேனை எல்லாம் அங்கே குடித்துவிட்டு வந்து தென்னந்தோப்புக் கணக்கில் உட்கார்ந்துகொண்டது. எண் சரி, எழுதிய இடம் தப்பு. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் தோப்பின் சராசரி 4.5இலிருந்து 3.75க்கு இறங்குகிறது. இடைநிலை அளவு 4இலிருந்து 3.75க்குத்தான். ஒரே பெட்டிக்குச் சராசரி அப்படி ஆடுகிறது, நடுக்கோடு கொஞ்சம்தான் அசைகிறது என்பதை என் மாணவர்களுக்கு இந்த எண்களை வைத்தே இப்போது காட்டுகிறேன். சூத்திரத்தில் புரியாதது தேனில் புரிகிறது.

கம்ப்யூட்டரில் வரைய விரும்புகிறவர்களுக்கு: எக்செல்லில் 2016 பதிப்பிலிருந்து இந்தப் படம் இருக்கிறது. அது சராசரியையும் ஒரு பெருக்கல் குறியாகக் காட்டும். நடுக்கோட்டுக்கும் அந்தக் குறிக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அங்கே ஏதோ ஒரு பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம். கால்மானத்தைக் கணக்கிடுவதில் மென்பொருளுக்கு மென்பொருள் முறை மாறும். நான் கையில் போட்டபோது பேச்சிப்பாறையின் கீழ்க்கால்மானம் 4.5. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் 4.75 வரும். இரண்டும் சரி. இதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஆனால் ஒரே படத்தில் இருக்கிற பெட்டிகளுக்கெல்லாம் ஒரே முறையைப் பயன்படுத்துங்கள்.

இந்தப் பழக்கம் என் வேலையையும் மாற்றிவிட்டது. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியர் அறைப் பலகையில் ஏ பிரிவு சராசரி 61, பி பிரிவு சராசரி 60 என்று எழுதிப் போடுவார்கள். பி பிரிவில் இருபது மார்க்கைத் தாண்டாத பிள்ளைகள் ஒரு கொத்தாக இருந்ததை அந்த 60 மூடி மறைத்துவிட்டது. அது எனக்கு இன்றும் வலிக்கிறது, அந்தப் பிரிவுக்குப் பாடம் எடுத்தவள் நான். இப்போது ஒவ்வொரு தேர்வுக்கும் பிரிவுக்கு ஒரு பெட்டி வரைந்து, மேலே புள்ளியும் வைத்து, அடிக்கோட்டுக்குக் கீழே இருக்கிற பெயர்களை என் டைரியில் எழுதிக்கொள்கிறேன்.

பேச்சிப்பாறைக்கு வருகிறேன். சித்தப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வருஷத்துக் கணக்க வச்சுட்டு மலைய மெச்சாதே" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒரு சீசன், ஒரு சரிவு, ஐந்து நல்ல கூடு. மலைக்குப் போன பழைய கூடுகள் போகும்போதே குலசேகரத்துக் கூடுகளைவிடப் பலமாக இருந்தனவோ என்னவோ. எத்தனை அடை இருந்தது என்று அன்று யாரும் எழுதவில்லை. அதனால் இந்த முறை பங்கீட்டை மாற்றினோம். பழையது, புதியது இரண்டையும் கலந்து, இரண்டு ரப்பர் இடத்துக்கும் சம எண்ணிக்கையில். எது எங்கே போகணும் என்பதை அப்பாவோ சித்தப்பாவோ தேர்ந்தெடுக்காமல், எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவை எடுக்கச் சொன்னோம்.

டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி டெம்போ வந்தது. வாசல்களை அடைத்து, பெட்டிகளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். உள்ளே தேனீக்களின் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. ஏற்றுவதற்கு முன் அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதினார். கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய கூட்டுக்கு 'ப', புதியதற்கு 'பு', பக்கத்தில் அடை எண்ணிக்கை. நான் சொல்லவில்லை. நோட்டிலும் அவரே ஸ்கேல் வைத்து இரண்டு புதுக் கட்டம் கோடு போட்டிருந்தார்.

இன்று தை பத்து. நேற்று பேச்சிப்பாறை போய்வந்தார். மரங்களில் தளிர் இன்னும் செம்பு நிறத்தில்தான் இருக்கிறதாம்.